டர்போ மின்னூட்டி அல்ல, சுழல்துருத்தி

கோவை கணபதியில் எனக்குப் பழக்கமான ஒரு லேத் பட்டறை உண்டு. போன மாதம் போனபோது பட்டறை அண்ணன், எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி அனுப்பும் டர்போ ஒன்றைப் பிரித்து மேசை மேல் பரப்பி வைத்திருந்தார். நடுத்தண்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிக் காட்டினார். மயிரிழை ஆட்டம் இருக்கலாம், அது அதன் அமைப்பு. இது கடகடவென்று ஆடியது. தண்டை உருவி வெளிச்சத்தில் திருப்பினார். பேரிங் உட்காரும் இடம் வெந்து நீலம் பாய்ந்திருந்தது. நகத்தை வைத்து இழுத்தால் வரி வரியாகத் தட்டியது. "எண்ணெய் ஒரு சொட்டுக்கூட போகாம ஓடியிருக்குதுங்க" என்றார்.

வண்டி எங்கள் பக்கத்து வீதித் தம்பியுடையது. இருந்த டர்போவைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் பெரியதாக ஒன்று வாங்கி மாட்டியிருந்தான். பெட்டிக்குள் தமிழில் ஒரு குறிப்புத் தாள். அதில் இருந்த வரி இது: "முதல் இயக்கத்திற்கு முன்பு டர்போ மின்னூட்டியை முழுமையாக நிரப்பவும்." மின்னூட்டி, நிரப்பவும். தம்பி ராத்திரி முழுக்க பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டுக் காலையில் சாவியைத் திருப்பினான். தாளின் மறுபக்கத்தில் இருந்த ஆங்கிலம் சொன்னது வேறு: ஓட்டுவதற்கு முன்னால் டர்போவின் எண்ணெய்த் துளையில் எண்ணெய் விட்டு நிரப்பிக்கொள். நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் தண்டு அது. மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்துகொண்டுதான் சுழலும். படலம் இல்லையென்றால் சில நொடிகளே போதும்.

தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. மின்னூட்டி என்று எழுதியிருந்தால் தமிழ் படித்த யாரும் மின்சாரத்தைத்தான் நினைப்பார்கள். கோபமெல்லாம் அந்தச் சொல்லின் மேல். இது ஒரு தாளோடு நிற்கவுமில்லை. 'டர்போ மின்னூட்டி', 'சுழல் மின்னேற்றி', 'டர்போ மின்னேற்றம் செய்யப்பட்ட எஞ்சின்' என்று கார் பற்றிய தமிழ் எழுத்தில் கண்ட இடமெல்லாம் இதுவே கிடக்கிறது. இனிமேலும் பொறுக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

சொல்லின் வேரைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். டர்போ என்பது லத்தீன். சுழல்காற்று, பம்பரம் என்று பொருள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர் ஒருவர் தண்ணீர் விசையில் சுழலும் பொறிக்கு அதிலிருந்து டர்பைன் என்று பெயர் வைத்தார். எஞ்சினின் புகையைக் கொண்டே டர்பைனைச் சுழற்றி, அந்தச் சுழற்சியால் எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி அனுப்பும் ஏற்பாட்டுக்கு 1905இல் காப்புரிமை பெற்றவர் சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி. முதலில் டர்போசூப்பர்சார்ஜர் என்று நீளமாகச் சொன்னார்கள். நாளடைவில் நடுவிலிருந்த சூப்பர் உதிர்ந்து டர்போசார்ஜர் ஆனது. கார்களில் 1962இலேயே அமெரிக்காவில் வந்துவிட்டது.

கோளாறு முழுவதும் சார்ஜ் என்ற பாதியில்தான் இருக்கிறது. இந்தச் சொல்லுக்கும் மின்சாரத்துக்கும் பிறப்பில் ஒரு தொடர்பும் கிடையாது. லத்தீனில் வண்டிக்கு கார்ருஸ் என்று பெயர். நாம் ஓட்டும் காரும் அதே வேர்தான். அந்த வண்டியில் சுமை ஏற்றுவதற்கான வினைச்சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் சார்ஜ் ஆனது. நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்கள் 'லோடு ஏத்துறது' என்கிறார்களே, சார்ஜின் முதல் பொருள் அதுதான். பிறகு துப்பாக்கியில் மருந்து கெட்டிப்பது சார்ஜ் ஆனது, உலையில் பொருள் போடுவது சார்ஜ் ஆனது. மின்சாரம் வந்து இதில் ஒட்டிக்கொண்டது வெகு பிற்பாடு.

இது கோவைக்குத் தெரியாத விஷயமும் அல்ல. நம் பவுண்டரிகளில் உலைக்குள் பழைய இரும்பையும் கோக் கரியையும் போடுவதற்கு என்ன பெயர்? சார்ஜ்தான். அங்கே யாரும் ஒயரைத் தேடுவதில்லை. எஞ்சினிலும் அப்படியே. சிலிண்டருக்குள் ஒவ்வொரு முறையும் போய் நிரம்பும் காற்றும் எரிபொருளும் சேர்ந்த 'ஒரு வாய்'க்குத்தான் சார்ஜ் என்று பெயர். அதை அமுக்கி ஏற்றுவது சார்ஜர். போன் சார்ஜர் நம் கைக்கு வந்து முப்பது வருடம் போலத்தான் ஆகிறது. அதன் பெயரைக் கொண்டு நூறு வருடத்துக்கு மேற்பட்ட எஞ்சின் பாகத்துக்குப் பெயர் வைப்பது எந்த ஊர் நியாயம்?

இப்போது மின்சாரத்தோடு சேர்ந்த டர்போவும் வந்துவிட்டதே என்று சிலர் வாதிடுகிறார்கள். வந்திருக்கிறது. ஃபார்முலா ஒன் பந்தயக் கார்களில் 2014 முதல் டர்போ தண்டிலேயே ஒரு மின்மோட்டாரைச் சேர்த்து ஓட்டினார்கள். விலை உயர்ந்த சில தெருக் கார்களிலும் அது உண்டு. சரி, அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? எல்லா டர்போவையும் மின்னூட்டி என்று சொல்லிவிட்டால், உண்மையாகவே மின்சாரத்தில் சுழல்வதை 'மின் மின்னூட்டி' என்பீர்களா? மின் என்ற சொல்லை அதற்குரிய இடத்துக்காக விட்டுவைக்க வேண்டும்.

ஈரோட்டில் ஒரு தமிழாசிரியர், என் நண்பர், இதை ஏற்றுக்கொண்டார். ஆனால் அவர் முன்வைப்பது 'சுழல் மிகையூட்டி'. மின்னூட்டியைவிட ஆயிரம் மடங்கு மேல், மறுக்கவில்லை. இருந்தாலும் எனக்கு ஒப்பவில்லை. ஊட்டுவது என்றால் உணவு. எஞ்சினில் உணவு எரிபொருள்தான். ஊட்டி என்று எழுதினால் படிப்பவர் பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டரை நினைப்பார். டர்போ ஒரு சொட்டு பெட்ரோலைக்கூடத் தொடுவதில்லை. அது கொடுப்பது மூச்சு. அடுத்து, மிகை என்பது தமிழில் அளவு மீறியது என்ற சாயலோடு வரும் சொல். நல்ல டர்போ அளவு மீறவே கூடாது. அழுத்தம் சொன்ன அளவை எட்டியதும் புகையில் ஒரு பங்கைப் பக்கவழியில் திருப்பிவிட ஒரு கதவே வைத்திருக்கிறார்கள். அளவு காப்பதற்குக் காவல் போட்ட பொருளுக்கு மிகை என்று பெயரா? இதையெல்லாம் விட, மிகையூட்டி என்றால் மனதில் எந்தப் பொருளும் தோன்றவில்லை. சொல்லைக் கேட்டதும் ஒரு பொருளும் அது செய்யும் வேலையும் கண்முன் வர வேண்டும்.

துருத்தி என்றால் வருகிறது. கொல்லன் பட்டறையில் உலைக்குக் காற்றை அமுக்கி அனுப்பும் தோல் பை. தீ இருக்கிறது, கரி இருக்கிறது, காற்று போதவில்லை. அழுத்தி ஊதினால் அதே கரி இன்னும் சூடாக எரிகிறது. டர்போ செய்வது அச்சு அசலாக இதே வேலை. சமவெளியில் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு). டர்போ அதற்கு மேல் இன்னொரு பார் சேர்த்தால் சிலிண்டருக்குள் ஏறத்தாழ இரு மடங்கு காற்று புகும். அதற்கேற்ற பெட்ரோலையும் எரிக்கலாம். சிலிண்டர் பெரிதாகவில்லை, தீதான் பெரிதாகிறது. துருத்தியை மிதிக்க ஆள் வேண்டும். இங்கே உலையின் புகையே துருத்தியை மிதிக்கிறது. சுழன்று மிதிப்பதால் சுழல்துருத்தி. புகையில் ஓடாமல் எஞ்சினின் பெல்ட்டில் ஓடி இதே வேலையைச் செய்யும் சூப்பர்சார்ஜருக்கு வார்த்துருத்தி என்று தாராளமாகச் சொல்லலாம்.

சென்னிமலைக்குப் பக்கத்தில், நொய்யல் கரையில் கொடுமணல். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு உருக்கிய உலைகளை அங்கே தோண்டி எடுத்திருக்கிறார்கள். உலை இருந்தால் ஊத ஒரு துருத்தியும் இருந்திருக்க வேண்டும். குறுந்தொகையில் 'உலைவாங்கு மிதிதோல்' என்று வருகிறது: ஏழு ஊருக்குப் பொதுவாக ஓர் ஊரில் வைத்த துருத்தி, ஓய்வே இல்லாமல் மிதிபடுகிறது. நான்கு சிலிண்டருக்கும் ஆறு சிலிண்டருக்கும் பொதுவாக மாட்டிய டர்போவை இதைவிட நன்றாக யார் சொல்ல முடியும்? இத்தனை பழைய சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு போன் சார்ஜரிடம் கடன் கேட்கிறோம்.

'ஊதி' போதாதா, ஊதுலை (பிளாஸ்ட் ஃபர்னஸ்) என்ற சொல் இருக்கிறதே என்றும் கேட்டார்கள். ஊதுலை அருமையான சொல். ஆனால் ஊதி என்றால் மின்விசிறி மாதிரி காற்றைத் தள்ளிவிடுவதும் சேர்ந்துவிடும். அடைத்த இடத்துக்குள் அழுத்தம் ஏறும்படி தள்ளுவது துருத்தி. திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிகளையும், கம்ப்ரசர் போட்டு ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தண்ணீர் தூக்கும் தோட்டங்களையும் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் காற்றைத் தள்ளுவதும் காற்றை அமுக்குவதும் வேறு வேறு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பட்டறையில் டர்போ என்றே சொல்லட்டும், எனக்கு அதில் சண்டையே இல்லை. டர்போ என்று கேட்டு யாரும் பேட்டரியைக் கழற்றவில்லை. தமிழாக்குகிறேன் என்று இறங்குகிறவர்கள் பொருளைப் பார்த்து ஆக்குங்கள் என்பதுதான் என் வழக்கு.

ஏனென்றால் ஒரு சொல் தப்பினால் பின்னாலேயே ஒரு வரிசை தப்புகிறது. போன வாரம், ஜப்பானின் நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் காரின் எஞ்சினை மேம்படுத்துவது பற்றிய ஒரு தமிழாக்கம் படித்தேன். 1989இல் வந்த ஆர்32 தொடங்கி அந்தக் காரில் 2.6 லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ. அதன் டர்பைன் சக்கரங்கள் பீங்கான் வகைப் பொருளால் ஆனவை. இரும்பைவிட இலேசு, அதனால் மிதித்ததும் சீக்கிரம் வேகம் எடுக்கும். அழுத்தத்தைக் கூட்டினால் சூட்டிலும் வேகத்திலும் அந்தச் சக்கரம் தண்டை விட்டே பிய்ந்துபோகும். அதனால்தான் அந்த எஞ்சினில் காற்றைக் கூட்ட நினைப்பவர்கள் முதல் வேலையாக உலோகச் சக்கரம் உள்ள டர்போவுக்கு மாறுகிறார்கள். தமிழில் இது எப்படி வந்திருந்தது தெரியுமா? "உடையக்கூடிய பீங்கான் சக்கரங்களுக்குப் பதிலாக எஃகுச் சக்கரங்களைப் பொருத்தவும்." படிக்கிறவன் டயரைக் கழற்றப் போவான். பம்பு செய்யும் ஊரில், பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் தெரியாத ஆள் உண்டா? தண்ணீருக்குப் பதில் புகை, அவ்வளவுதானே. 'டர்போவுக்குள் சுழலும் இதழ்ச்சக்கரம்' என்று எழுத ஒரு நிமிடம் ஆகுமா?

அதே கட்டுரையில் சிலிண்டர் ஹெட்டின் காற்றுவழிகளைத் தேய்த்து வழவழப்பாக்குவது (ஆங்கிலத்தில் ஹெட் போர்ட்டிங்) 'தலையைத் துறைமுகமாக்குதல்' ஆகியிருந்தது. புகைக் கிளைக்குழாய் (எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட்) 'சோர்வுப் பன்மடங்கு'. எனக்கு நெஞ்சு பதறியது அடுத்ததில்தான். அழுத்தம் கூடும்போது வார்ப்பு பிஸ்டன் தாங்காது, காய்ச்சி அடித்துச் செய்த பிஸ்டன் போட வேண்டும் என்பது மூலம். தமிழில் "நம்பகத்தன்மைக்குப் போலி பிஸ்டன்களைப் பயன்படுத்தவும்." அகராதியில் ஃபோர்ஜ்டு என்ற அந்த ஆங்கிலச் சொல்லுக்குப் போலியாக்கிய என்றும் ஒரு பொருள் உண்டு, இரண்டில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருக்கிறார்கள். பவுண்டரியும் ஃபோர்ஜிங்கும் அடுத்தடுத்த வீதிகளில் நடக்கும் ஊரில் உட்கார்ந்து இதைப் படிக்க வேண்டியிருக்கிறது. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் வண்டி ஓட்டக் கனவு காணும் ஒரு பையன், ஆங்கிலம் தடுமாறுகிறவன், இதை நம்பி எதை வாங்கி மாட்டுவான்?

மொழிபெயர்ப்பவர்களுக்கு நேரம் கொடுப்பதில்லை, வரிக்குக் காசு என்று எனக்கும் தெரியும். நானே பம்பு கையேடுகளைத் தமிழாக்கிச் சம்பாதிக்கிறவன். தெரியாத சொல் வந்தால் பக்கத்துப் பட்டறைக்கு ஒரு போன் போடுவேன். "ஏனுங்ணா, இதை நீங்க என்னனு சொல்லுவீங்க?" என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். சமயத்தில் ஊட்டி மலை ஏறும் பழைய லாரி ஒன்றின் கதையும் சேர்ந்து கிடைக்கும். உதகை 2,240 மீட்டர். அங்கே காற்று சமவெளிக் காற்றின் அடர்த்தியில் ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத வண்டி எப்படி மூச்சு வாங்கும் என்று அண்ணன் இரைத்தே காட்டினார்.

துருத்தி என்ற சொல்லை அவரிடமும் சொல்லிப் பார்த்தேன். ஒரு கணம் யோசித்துவிட்டு, "எங்க அய்யன் பட்டறையில நான் இழுத்த துருத்திங்களா? ஆமாங்க, அதேதான் இது" என்றார். அப்புறம் வெந்துபோன தண்டைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்தார். தம்பிக்குப் புது டர்போ வந்திருக்கிறது, அதே பெட்டி, அதே தாள். தாளில் இருந்த வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் நான் எழுதிக்கொடுத்தது இது: "முதல் தடவை ஸ்டார்ட் செய்வதற்கு முன், சுழல்துருத்தியின் மேல் பக்கம் உள்ள எண்ணெய்த் துளையில் சுத்தமான எஞ்சின் எண்ணெய் விட்டு, தண்டைக் கையால் சுற்றி, எண்ணெய் எங்கும் பரவியதைப் பார்த்துக்கொள்ளவும்."