உதடு சொன்னால் காது கேட்கும்

டப்பிங் படத்தில் ஒலி தெளிவாக இருந்தும், நடிகரின் வாயைப் பார்த்துக்கொண்டே கேட்டால் சில சொற்கள் பிடிபடாமல் போவது ஏன் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பேச்சைக் கேட்பதில் கண்ணுக்கும் பங்கு உண்டு என்பதுதான் காரணம். உதடு மூடும் இடத்தில் ப, ம வரும் சொல்லாகத் தேடிப் போடும் டப்பிங் எழுத்தாளர்களுக்கு இது தெரியும்.

ஒலியலை செவிப்பறையில் மோதுவதும் நரம்பு வழியே மூளைக்குப் போவதும் பள்ளிப் பாடம். அப்புறம் நடப்பதுதான் வேடிக்கை.

இங்கிலாந்தில் பணியாற்றிய உளவியலாளர்கள் ஹாரி மெக்கர்க்கும் ஜான் மெக்டொனால்டும் 1976இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஒருவர் 'காந்தி'யில் வரும் 'கா'வைச் சொல்லும் படம். அதன் மேல் 'பாபு'வில் வரும் 'பா' ஒலி. பார்த்துக் கேட்ட பெரியவர்களில் 98 சதவீதம் பேருக்குக் கேட்டது இரண்டும் இல்லை, 'டாக்டர்' என்பதன் 'டா'! கண்ணை மூடினால் 'பா'. திறந்தால் மறுபடி 'டா'. சூட்சுமம் தெரிந்த பிறகும் இப்படித்தான் கேட்கும், எனக்கும் அப்படித்தான்.

ஏன் 'டா'? 'பா' சொல்ல உதடுகள் ஒட்டியே ஆக வேண்டும். தொல்காப்பியப் பிறப்பியலிலேயே இருக்கிற செய்தி இது. படத்திலோ உதடு ஒட்டவில்லை. ஆகவே கண் 'பா'வை ஒதுக்கிவிடுகிறது. 'கா'வில் நாக்கின் பின்பகுதி மேலண்ணத்தைத் தொடுவது வெளியே தெரியாது. 'டா' சொன்னாலும் வாய் ஏறக்குறைய அதே மாதிரிதான் இருக்கும். காதுக்கோ 'பா'வும் 'டா'வும் தொடக்கத்தின் மிகச் சிறு கணத்தில் மட்டுமே வேறுபடுகின்றன. கண்ணும் காதும் ஏற்கக்கூடிய ஒரே எழுத்து 'டா'. இந்தப் பஞ்சாயத்து நமக்குத் தெரியாமலே முடிந்து, தீர்ப்பு மட்டும் காதில் விழுகிறது. மாற்றிப் போட்டால், அதாவது 'பா' படமும் 'கா' ஒலியும் என்றால், சமரசம் நடக்காது. உதடு மூடியதைக் கண் பார்த்துவிட்டதே! பலருக்கு 'பா'வும் 'கா'வும் கலந்து கேட்கும்.

குழந்தைகள் பேச்சை எப்படி உணர்கிறார்கள் என்று ஆராயப் போனபோது தற்செயலாகச் சிக்கிய விஷயம் இது. ஆய்வுக்கான நிதி விண்ணப்பத்தில் 'எதிர்பார்க்கும் பயன்' என்ற கட்டத்தில் இதை யாரால் எழுதியிருக்க முடியும்? அந்தக் கட்டத்தை மட்டும் பார்த்துப் பணம் ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எல்லா மொழியிலும் இது ஒரே அளவில் நடப்பதில்லை. ஜப்பானியரிடம் ஜப்பானிய அசைகளை வைத்துச் சோதித்தபோது இப்படி மாறிக் கேட்கும் மயக்கம் மிகக் குறைவாகவே இருந்தது. தெளிவாகக் கேட்டால் காதையே நம்பினார்கள். ஒலியோடு இரைச்சலைக் கலந்ததும் அவர்களுக்கும் மயக்கம் கூடியது.