மதுரையின் தெற்கு வானில் ஒரு பூதக்கண்ணாடி

நவம்பர் நடுவில், மழை விட்ட ஓர் இரவு 9 மணிக்கு மொட்டைமாடியில் தெற்கு பார்த்து நில்லுங்கள். வலப்பக்கம் தனியாக மின்னுவது ஃபோமல்ஹாட் விண்மீன். அதற்கு இடப்புறம், உச்சிக்குப் பாதி உயரத்தைவிடச் சற்று மேலே, வெறும் இருட்டாக ஓர் இடம் தெரியும். அங்கேதான் ஏபெல் 2744 என்ற கேலக்ஸிக் கூட்டம், அதாவது பல விண்மீன் மண்டலங்களின் திரள், இருக்கிறது. தூரம் 350 கோடி ஒளியாண்டு. கோவையில் பிறந்த ஒரு பெண் போட்ட கணக்குக்கு வலுவான சான்று கிடைத்தது அந்தத் திசையில்தான்.

அவர் பிரியம்வதா நடராஜன். வளர்ந்தது டெல்லியில். பள்ளி நாட்களிலேயே நேரு கோளரங்கத்தின் தூண்டுதலில், டெல்லி வானத்தை வரைந்துகாட்டும் கணினி நிரலை எழுதியவர். (டெல்லியில் ஏபெல் 2744 அதிகபட்சம் 31 பாகை உயரம்தான் ஏறும். மதுரையில் 50 பாகை. தென்வானம் பார்க்கும் கொடுப்பினை நமக்குத்தான்.) எம்ஐடியில் இயற்பியலும் கணிதமும் படித்து, கேம்பிரிட்ஜில் வானியலாளர் மார்ட்டின் ரீஸிடம் முனைவர் பட்டம் பெற்று, இப்போது யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கிறார்.

அவரை விடாமல் துரத்திய கேள்வி இது: ராட்சதக் கருந்துளைகள் இவ்வளவு சீக்கிரம் எப்படிப் பெருத்தன?

பெரிய விண்மீன் செத்தால் மிஞ்சும் கருந்துளை, தாராளமாக வைத்தாலும் 100 சூரியன் எடை இருக்கும். அது வாயுவை விழுங்கி வளரும். ஆனால் இஷ்டத்துக்கு விழுங்க முடியாது. உள்ளே விழும் வாயு சூடேறி வீசும் ஒளியே பின்னால் வரும் வாயுவைத் தள்ளிவிடும். இதுதான் எடிங்டன் வரம்பு. இந்த வரம்புக்குள் எடை இரட்டிப்பாகச் சுமார் 3.5 கோடி ஆண்டு ஆகும். 100 சூரியன் எடை 1 கோடி சூரியன் எடையாக 17 முறை இரட்டிக்க வேண்டும். 17ஐ 3.5 கோடியால் பெருக்கினால் ஏறக்குறைய 60 கோடி ஆண்டு. பிரபஞ்சத்துக்கே 47 கோடி வயதானபோது அப்படியொரு கருந்துளை இருந்தால் கணக்கு இடிக்கிறது.

2006இல் ஜியூசெப்பே லொடாட்டோ என்ற ஆய்வாளருடன் சேர்ந்து பிரியம்வதா ஒரு வழி சொன்னார். வாயு மேகம் குளிர்ந்தால் துண்டுதுண்டாகி விண்மீன்களாகும். குளிரவைப்பது ஹைட்ரஜன் மூலக்கூறு. பக்கத்துக் கேலக்ஸியின் புறஊதா ஒளி அந்த மூலக்கூறுகளை உடைத்துவிட்டால் மேகம் உடையாது. மொத்தமாக நடுவில் சரிந்து, 1 லட்சம் சூரியன் எடை வரைக்கும் நேரடியாகக் கருந்துளை ஆகலாம். அங்கிருந்து 1 கோடிக்கு 7 இரட்டிப்பு போதும். 25 கோடி ஆண்டில் முடிந்துவிடும்.

அவ்வளவு தொலைவிலுள்ளதைப் பார்ப்பது எப்படி? இங்கேதான் ஏபெல் 2744 வருகிறது. ஜிகர்தண்டா குடித்த கனத்த அடி கிளாஸைக் கழுவிச் செய்தித்தாள் மேல் வைத்து, மேலிருந்து பாருங்கள். எழுத்துகள் உப்பித் தெரியும். கிளாஸை நகர்த்தினால் விளிம்பில் வில்லாக இழுபடும். கேலக்ஸிக் கூட்டத்தின் ஈர்ப்பும் வெளியை வளைத்து, பின்னாலிருந்து வரும் ஒளியை இப்படித்தான் திருப்புகிறது. வளைவைத் தீர்மானிப்பது மொத்த எடை. அதில் பெரும்பங்கு கண்ணுக்குப் புலப்படாத கரும்பொருள். ஆகவே இழுபட்ட வடிவங்களிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் கரும்பொருளின் வரைபடமே கிடைத்துவிடும். பிரியம்வதாவின் ஆரம்பகாலப் பெரும்பணி இதுதான். என்னைக் கேட்டால் அவர் வேலையில் மிக அழகானதும் இதுவே. 2020இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட முடிவு இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது: கூட்டங்களுக்குள் இருக்கும் சிறு கரும்பொருள் திரட்டுகள், கணினி மாதிரிகள் சொல்வதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் ஒளியை வளைக்கின்றன.

2023 நவம்பரில் அந்தச் சான்று வெளியானது. ஏபெல் 2744க்குப் பின்னால், பிரபஞ்சத்தின் 47 கோடி வயதில் ஒளிர்ந்த யுஎச்இசட்1 என்ற கேலக்ஸியை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி கண்டது. நம் சுப்ரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா தொலைநோக்கி இரண்டு வாரம் உற்றுப் பார்த்து, கருந்துளையில் விழும் வாயு சூடேறி வீசும் எக்ஸ் கதிரை அங்கிருந்து பிடித்தது. ஏபெல் 2744 என்ற ஈர்ப்பு வில்லை அதை 4 மடங்கு பெருக்கிக் கொடுத்திருந்தது. நடுவிலுள்ள கருந்துளையின் எடை 1 கோடி முதல் 10 கோடி சூரியன். நம் அக்கம்பக்கத்துக் கேலக்ஸிகளில் மையக் கருந்துளை, மொத்த விண்மீன் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் தேறும். இங்கே இரண்டும் கிட்டத்தட்ட சமம். நேரடியாகச் சரிந்து பிறந்தால் இப்படித்தான் இருக்கும் என்று 2017இலேயே பிரியம்வதா குழு எழுதியிருந்தது.

சிறு கருந்துளையே எடிங்டன் வரம்பை மீறி விழுங்கிப் பெருத்திருக்கலாம் என்று வாதிடுபவர்களும் உண்டு. ஒரே ஒரு கேலக்ஸியை வைத்து அவர்களை மறுத்துவிட முடியாது. 2030களில் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் அனுப்பவிருக்கும் லிசா விண்கலங்கள், ஆதிக் கருந்துளைகள் மோதி இணையும்போது எழும் ஈர்ப்பு அலைகளை, அதாவது வெளியிலேயே பரவும் அதிர்வுகளை, கேட்கும். அந்த அலையிலிருந்து மோதியவற்றின் எடையைக் கணக்கிடலாம். தொடக்க எடை 100 சூரியனா, 1 லட்சமா என்ற வழக்கில் அது நேரடிச் சாட்சி.