கூலண்ட் குளிரூட்டி அல்ல

போன சித்திரையில் என் மைத்துனர் எங்கள் பழைய டீசல் வேனை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு கன்னியாகுமரி போனார். பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டு, படுக்கப் பலகை அடித்து, ஓரத்தில் அடுப்பும் தண்ணீர் கேனும் வைத்து நாங்களே அமைத்துக்கொண்ட வண்டி. கேம்பர் வேன் என்பார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது ‘வீட்டு வண்டி’. திரும்பி வரும்போது, வள்ளியூர் தாண்டி, நான்குநேரி வருவதற்கு முன்னால், பதினொரு மணி வெயிலில் இருந்து போன் செய்தார்: “அத்தான், வண்டி கொதிச்சு நின்னுட்டு. ஆவியா வருது.”

முந்தின நாள் காலையிலேயே வண்டிக்கு அடியில் பச்சையாக நாலைந்து சொட்டு கிடந்ததைப் பார்த்திருக்கிறார். அசட்டையாக இருக்கவில்லை. பழைய வேனைச் சொந்தக் கையால் பழுதுபார்ப்பது பற்றிச் செல்போனில் தேடி, தமிழில் ஒரு குறிப்பைப் படித்திருக்கிறார். ‘குளிரூட்டி கசிவு இருப்பின் பயணத்தைத் தொடர வேண்டாம்’ என்று அதில் எழுதியிருந்ததாம். எங்கள் வண்டியில் ஏசி ஓடி ஐந்து வருடம் ஆகிறது. ஓடாத ஏசி கசிந்தால் என்ன, கசியாவிட்டால் என்ன என்று கிளம்பிவிட்டார். குளிரூட்டி என்றால் தமிழ்நாட்டில் யார் மனதிலும் ஏசிதான் வரும். அவர் நினைத்ததில் பிழையே இல்லை. கசிந்தது கூலண்ட், எஞ்சினின் சூட்டை வாங்கி, அதைக் காற்றில் விடும் ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும் திரவம். குளிரூட்டி என்ற சொல்லை அதற்குக் கொண்டுபோய் வைத்தவர் மேல்தான் பிழை. எஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட் சூட்டில் வளைந்து, லேத்தில் கொடுத்துச் சீவி, அதற்கு அடியில் வைக்கும் கேஸ்கட் தகட்டைப் புதிதாகப் போட்டு, 18,000 ரூபாய் ஆயிற்று.

ஐ.டி.ஐ.யில் இருபத்தெட்டு வருடம் மோட்டார் மெக்கானிக் பாடம் நடத்தியவன் நான். இந்தச் சொல்லோடு எனக்குப் பழைய கணக்கு உண்டு. ஒருமுறை தேர்வில் ‘குளிரூட்டியின் பணிகள் யாவை?’ என்று கேட்டிருந்தார்கள். வகுப்பிலேயே கெட்டிக்காரப் பையன் ஒருவன் கம்ப்ரஸர், கண்டன்ஸர் என்று ஒன்றரைப் பக்கம் எழுதி வைத்திருந்தான். ஏசியைப் பற்றி அவன் எழுதியதில் ஒரு வரிகூடத் தவறில்லை. மதிப்பெண் பூஜ்யம். ரேடியேட்டரைக் கழற்றி மாட்டுவதில் அவனுக்கு நிகரான பையன் அந்த வருடம் கிடையாது.

சொல்லின் வேரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூல் என்பது ஆங்கிலத்தின் பழைய சொந்தச் சொல். கோல்ட், சில் இரண்டும் அதற்கு உறவு. பின்னால் நிற்கும் ‘அண்ட்’ லத்தீன் வழி வந்த விகுதி, ஒரு செயலைச் செய்யும் பொருளைக் குறிப்பது. உராய்வைக் குறைக்கும் எண்ணெய்க்கு லூப்ரிகண்ட் என்று பெயர் வந்ததும் இந்த விகுதியால்தான். ஆக, கூலண்ட் என்றால் சூட்டைக் குறைக்கும் பொருள். தானியத்தைக் குறிக்கும் நம்முடைய கூலத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இப்போது அந்தக் குளிரூட்டிக்கு வருவோம். ஊட்டுவது என்றால் உள்ளே செலுத்துவது: சோறு ஊட்டுகிறோம், பால் ஊட்டுகிறோம், துணிக்குச் சாயம் ஊட்டுகிறோம். ஓர் அறைக்குள் குளிரைச் செலுத்தும் கருவிக்குக் குளிரூட்டி என்ற பெயர் நன்றாகவே பொருந்துகிறது. குளிரூட்டப்பட்ட பேருந்து என்று எழுதினால் எல்லோருக்கும் புரிகிறது. அதில் எனக்கு வழக்கு எதுவும் இல்லை. எஞ்சினுக்குள் ஓடும் தண்ணீர் யாருக்குக் குளிரை ஊட்டுகிறது? எரிந்த டீசல் தரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை அது சுமந்துகொண்டு போய் ரேடியேட்டரில் இறக்குகிறது. இறக்கிவிட்டுத் திரும்பும்போதும் அது கை வைக்க முடியாத சூட்டில்தான் இருக்கும். இருக்கவும் வேண்டும். எஞ்சின் சுகமாக ஓடுவது 85, 90 டிகிரி சூட்டில். காலையில் வண்டியை எடுத்ததும் தெர்மோஸ்டாட் என்ற வால்வு வழியை அடைத்துக்கொண்டு, தண்ணீரை ரேடியேட்டர் பக்கமே விடாது. 82 டிகிரியோ 88 டிகிரியோ வந்த பிறகுதான் திறக்கும். எஞ்சின் குளிர்ந்து கிடக்கக் கூடாது என்பதற்காகவே ஒரு பாகத்தை வைத்திருக்கிறார்கள். நாமோ உள்ளே ஓடும் திரவத்துக்குக் குளிரூட்டி என்று பெயர் வைக்கிறோம்.

குளிர் தேசங்களில் கதை இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கே கேம்பர் வேனுக்குள் உறங்குபவர்களுக்குக் கதகதப்பு கொடுக்க இதே திரவத்தைக் குழாய் வழியாகப் பின்னால் கொண்டுபோய் ஹீட்டருக்குள் விடுகிறார்கள். குளிரூட்டி வந்து வண்டியைச் சூடாக்குகிறது என்று எந்தப் பிள்ளைக்கு நான் பாடம் நடத்த முடியும்?

ஏசிக்குள் ஓடும் கேஸ் வேறு இருக்கிறது. அதற்கும் சிலர் குளிரூட்டி என்றே எழுதுகிறார்கள். ஒரே வண்டியில் ஏசி இயந்திரம் குளிரூட்டி, ஏசி கேஸ் குளிரூட்டி, ரேடியேட்டர் தண்ணீரும் குளிரூட்டி. மூன்றில் எது ஒழுகினாலும் ஒரே பெயர் என்றால், வழிகாட்டிப் புத்தகம் எதற்கு? குளிர்விப்பான் என்று எழுதுகிறவர்களும் உண்டு. ஏசியோடு குழப்பாததால் அது ஒருபடி மேல். ஆனால் அதிலும் அந்தக் குளிர் விட்டுப்போகவில்லை. உறைதடுப்பி என்ற சொல்லையும் சிலர் இங்கே கொண்டுவருகிறார்கள். அது அந்தக் கலவையின் இன்னொரு குணத்துக்கான பெயர். கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனத் திரவமும் தண்ணீரும் சரிபாதி கலந்தால் பூஜ்யத்துக்குக் கீழே 37 டிகிரி போனால்தான் உறையும். நம் பாளையங்கோட்டையில் உறைகிற பேச்சுக்கே இடமில்லை. நமக்கு அதனால் கிடைக்கும் லாபம் வேறு: கொதிநிலை 107 டிகிரி வாக்கில் ஏறுகிறது, ரேடியேட்டர் மூடி தாங்கும் அழுத்தமும் சேர்ந்தால் 120ஐத் தாண்டுகிறது. துருவும் பிடிக்காது. திசையன்விளை, ராதாபுரம் பக்கத்து போர் தண்ணீரை அப்படியே ரேடியேட்டரில் ஊற்றினவர்களைக் கேட்டுப் பாருங்கள், உள்ளே எத்தனை தடிமனுக்கு உப்பு படிந்திருந்தது என்று சொல்வார்கள். பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரைத்தான் கலக்க வேண்டும்.

சூடான ஒன்றின் சூட்டைக் குறைப்பதற்குத் தமிழன் என்ன சொல்கிறான்? டீக்கடையில் போய் நின்று பாருங்கள். இரண்டு குவளைக்கும் நடுவில் மூன்றடி நீளத்துக்கு டீயை இழுத்து என்ன செய்கிறார் மாஸ்டர்? ஆத்துகிறார். பிள்ளைக்குப் பால் ஆத்திக் கொடுக்கிறோம். சோறு ஆறிப்போகிறது, கஞ்சி ஆறிப்போகிறது. டீ குளிர்ந்துபோச்சு என்று நம் ஊரில் எவரும் சொல்லக் கேட்டதில்லை, ஆறிப்போச்சு. குளிர்வது சாதாரண நிலையிலிருந்து கீழே போவது. ஆறுவது சூட்டிலிருந்து இறங்கிச் சாதாரண நிலைக்கு வருவது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு திண்டாடுகிறார்கள். நம்மிடம் இரண்டு சொல் தனித்தனியாக இருந்தும் ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டு நாமும் சேர்ந்து திண்டாடுகிறோம். ஔவையார் ‘ஆறுவது சினம்’ என்றார். ‘தீயினாற் சுட்டபுண் உள்ளாறும்’ என்றார் வள்ளுவர். கொதிப்பு, காந்தல், எரிச்சல் எதுவானாலும் தணிவதற்கு நம் சொல் ஆறுதல்தான். மயிற்பீலி விசிறிக்கே சாந்தாற்றி என்று பழம்பெயர் உண்டு. பூசிய சாந்தை ஆற்றுவதால் அந்தப் பெயர்.

அதனால் கூலண்டுக்கு நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்த சொல் சூடாற்றி. முதல் நாள் கரும்பலகையில் எழுதினேன்; ஒரு பையனும் பொருள் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்கு வேண்டிய சான்று.

ஒரு தமிழாசிரியர் மட்டும் கேட்டார்: சூடு என்பதில் டகரம் இரட்டி, சூட்டாற்றி என்று வர வேண்டாமா, வீட்டுவாசல், நாட்டுப்பற்று என்பதுபோல? நல்ல கேள்வி. சூட்டை ஆற்றுவது என்று வினை சேரும் இடத்தில் அப்படி இரட்ட வேண்டியதில்லை. நாட்டை ஆளும் மன்றத்தை நாடாளுமன்றம் என்றுதானே சொல்கிறோம்? நாட்டாளுமன்றம் என்று ஒருவரும் சொல்வதில்லை. அவர் ஒப்புக்கொண்டார். ‘ஆற்று’ என்றதும் ஆறும் தாமிரபரணியும் நினைவுக்கு வராதா என்று இன்னொருவர் கேட்டார். ஆற்றுநீர் என்று வைத்திருந்தால் வரும். அதனால்தான் அதை வைக்கவில்லை.

கசிவு என்ற சொல்லும் எனக்கு நெருடல்தான். லீக் என்று எங்கே கண்டாலும் கசிவு என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். வண்ணார்பேட்டையில் எங்கள் வண்டியைப் பார்க்கிற மெக்கானிக் எழுதப் படிக்க அதிகம் தெரியாதவர். ஹெட் வேலை முடிந்து ஒரு மாதத்தில் மறுபடியும் தண்ணீர் குறைந்தது. வண்டியை அவரிடம் கொண்டுபோனேன். எங்கள் வண்டியில் எஞ்சின், டிரைவருக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில் ஒரு மூடிக்குள் இருக்கும். மூடியைத் தூக்கி, டார்ச் அடித்து, மேல் ஓஸ் பைப் ரேடியேட்டரில் சேரும் இடத்தை விரலால் தடவினார். “அண்ணாச்சி, இது ஒழுவல, பொசியுது. சுத்திப் பச்சை படிஞ்சிருக்கு பாத்தீயளா? சூட்டுல வெளிய வந்த உடனே காஞ்சிருது. கீழ சொட்டாது. அதான் ஒங்களுக்குத் தெரியல.” பைப்பை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பை மாற்றினார். குறைவது நின்றது.

அவர் வாயில் இருந்த சொற்களை அன்று இரவு எழுதி வைத்தேன். பொசிவது: இணைப்பில் நனைவு மட்டும் தெரியும், சுற்றிலும் பொடி படிந்திருக்கும், கிளாம்ப்பை இறுக்கினாலோ மாற்றினாலோ சரியாகும். சொட்டுவது: வாட்டர் பம்புக்கு அடியில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாகச் சொட்டினால் உள்ளே சீல் போய்விட்டது, பம்பை மாற்ற வேண்டியதுதான். ஒழுகுவது: ஓஸ் பைப் வெடித்திருக்கும், அல்லது ரேடியேட்டர் டியூப் ஓட்டையாகியிருக்கும். பீச்சுவது: அழுத்தத்தோடு வெளியேறுவது, எஞ்சினை நிறுத்திவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். இவை எதுவும் கண்ணில் படாமல் தண்ணீர் மட்டும் குறைந்தால் ‘வண்டி தண்ணி குடிக்குது’ என்பார். அப்போது சைலன்ஸரில் வெள்ளைப் புகை வருகிறதா, எஞ்சின் ஆயில் பால் காபி நிறத்துக்கு மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹெட் கேஸ்கட் போயிருக்கும். சொல்லைக் கேட்டாலே எந்த ஸ்பேனரை எடுக்க வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. ‘புல்லுக்கும் ஆங்கே பொசியுமாம்’ என்று பள்ளியில் மனப்பாடம் செய்த சொல் அது. பட்டறையில் உயிரோடு இருக்கிறது. பட்டறைக்காக எழுதப்படும் தமிழ்ப் புத்தகத்தில் செத்துக் கிடக்கிறது.

தேவநேயப் பாவாணர் 1902இல் பிறந்தது சங்கரன்கோவிலில், எங்கள் நெல்லைச் சீமையில். சொற்களின் வேரை வாழ்நாள் முழுக்கத் தோண்டி எழுதியவர். அந்த மண்ணில் இருந்துகொண்டு, அகராதியில் ஒரு சொல்லைப் பார்த்ததும் அதையே ஒட்டிவிட்டுப் போகும் மொழிபெயர்ப்பைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. மொழிபெயர்ப்பவர் ஒரே ஒருமுறை பட்டறையில் போய் நின்றிருந்தால் போதும். நான் எல்லாவற்றையும் தமிழாக்கச் சொல்கிறவன் அல்ல. ரேடியேட்டரைக் கதிர்வீசி என்று எழுதுகிறார்கள். வண்டி ரேடியேட்டரில் சூடு பெரும்பாலும் காற்று பட்டுத்தான் போகிறது, கதிராக வீசிப் போவது கொஞ்சம்தான். தவறான தமிழ்ப் பெயருக்குப் பதிலாக ரேடியேட்டர் என்றே இருக்கட்டும். ஓஸ் பைப்பும் கிளாம்ப்பும் அப்படியே இருக்கட்டும். தவறாகப் புரிந்துகொண்டால் எஞ்சின் போய்விடும் என்கிற இடத்திலாவது சொல் சரியாக இருக்க வேண்டாமா?

மைத்துனர் இப்போது வண்டிக்கு அடியில் இரவில் ஒரு அட்டையை விரித்து வைக்கிறார். காலையில் எந்த இடத்தில் சொட்டு விழுந்திருக்கிறது என்று பார்க்க. அவசரத்துக்கு மஞ்சள் தூள் போட்டு அடைக்கலாமா என்று கேட்டார். பழைய லாரிக்காரர்கள் செய்கிறதுதான், பட்டறை வரைக்கும் வந்து சேரலாம், ஆனால் பிறகு முழுக்கக் கழுவிவிட வேண்டும், இல்லையென்றால் மெல்லிய டியூப்களில் அடைத்துக்கொள்ளும் என்றேன். வடித்த பழைய திரவத்தை வாய்க்காலில் ஊற்றக் கூடாது என்றும் சொன்னேன். அது இனிக்கும், நாய் நக்கினால் செத்துப்போகும்.

கூலண்டின் ரிசர்வ் டேங்கில் ஒட்ட ஒரு தாள் எழுதித் தரச் சொன்னார். சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன்: ‘சூடாற்றி. சூடு ஆறும் முன் மூடியைத் திறக்காதே.’ அவருடைய கடைக்குட்டி எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, “மாமா, இது டீ ஆத்துற மாதிரியா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.