முனை கூர்மையாக இருந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள்

அமெரிக்காவில் பழைய காகிதப் பொருள்களைப் பரிசோதித்துச் சொல்வது என் வேலை. கடிதம், வரைபடம் எல்லாம் வரும். ஆனால் கண்ணீரோடு திரும்பிப் போகிறவர்கள் பெரும்பாலும் பேஸ்பால் கார்டு, அதாவது ஆட்டக்காரரின் படம் அச்சிட்ட, சேகரிப்பாளர்கள் தேடும் அட்டை, கொண்டுவருகிறவர்கள்தான். பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் படத்தோடு டாப்ஸ் நிறுவனம் 1952இல் வெளியிட்ட கார்டு ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதன் பிறகு ஆசையும் கூடிவிட்டது, ஏமாற்று வேலையும் கூடிவிட்டது.

அண்மையில் ஓர் இளைஞர் 1933ஆம் ஆண்டு கௌடி நிறுவனம் வெளியிட்ட, பேஸ்பால் வீரர் பேப் ரூத்தின் கார்டோடு வந்தார். அந்த வரிசையில் ரூத்துக்கு நான்கு கார்டுகள் உண்டு; அவற்றின் எண்கள் 53, 144, 149, 181. இது 144. இரண்டு வருடச் சேமிப்பைக் கொடுத்து வாங்கியிருந்தார். அறை விளக்கை அணைத்துப் புற ஊதா விளக்கைக் காட்டினேன். கார்டு நீலவெள்ளையாகப் பளீரென்று மின்னியது. சலவைத்தூளில் சேர்க்கிறார்களே, அதே வகை வெண்மையூட்டி அந்தக் காகிதத்தில் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் அது காகிதத்தில் பரவலாக வந்தது. 1933 காகிதம் அந்த வெளிச்சத்தில் மங்கலாகத்தான் கிடக்கும். மின்னவில்லை என்பதற்காக அசல் என்று முடிவுகட்டிவிடவும் முடியாது. பழைய காகிதத்தைத் தேடிப்பிடித்து அச்சடிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்து பத்து மடங்கு லென்ஸ். அசலில் பெயரின் எழுத்துகள் ஒரே மையில் இடைவெளியின்றி விழுந்திருக்கும். இதிலோ ஒவ்வொரு எழுத்தும் வண்ணப் புள்ளிகளின் கூட்டமாக இருந்தது. அசலைப் படமெடுத்து மறுபடி அச்சிட்டதற்கான அடையாளம் அது. பின்பக்கப் பழுப்பு, மூலைக்கு மூலை ஒரே அளவு. காலத்தின் கறை அப்படிச் சமமாகப் படியாது; தேநீரில் நனைத்தால்தான் அப்படி வரும். அவர் வெகுநேரம் பேசவே இல்லை.

போலியையாவது இப்படிக் கண்டுபிடித்துவிடலாம். அசல் கார்டின் மழுங்கிய ஓரங்களையே கத்தரித்துப் புதிதுபோல் அழகுபடுத்துவார்களே, அதுதான் என்னைப் பயமுறுத்துவது. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனம் சிகரெட் பெட்டிகளில் வைத்துக் கொடுத்த டி206 என்ற கார்டு வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்ற வீரரின் கார்டு மிக அரிது. அவற்றில் மிகப் புகழ்பெற்ற ஒன்று, பத்துக்கு எட்டு என்று தர மதிப்பெண் வாங்கி, 2007இல் 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அதன் ஓரங்களைத் தானே வெட்டியதாக ஏல நிறுவனம் நடத்திய பில் மாஸ்ட்ரோ 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 2015இல் அவருக்கு 20 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஆகவே, பிளாஸ்டிக் உறைக்குள் தர மதிப்பெண்ணோடு இருக்கிறது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள்.

நான் கார்டின் முகப்பைவிட விளிம்பைத்தான் அதிக நேரம் பார்ப்பேன். நூறு வருடம் கை பட்ட விளிம்பில் நார் மழுங்கி, முகப்பில் இருக்கும் அதே அழுக்கு அங்கேயும் ஏறியிருக்கும். புதிதாக வெட்டிய விளிம்பு உள்ளே வெளுப்பாக, கையில் சற்றுக் கூராகத் தட்டும். அளவுகோல் உதவும், ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. 1952 டாப்ஸ் 2⅝ அங்குல அகலம், 3¾ அங்குல உயரம். 1983இல் டாப்ஸே வெளியிட்ட மறுபதிப்பு 2½க்கு 3½. அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஆனால் தொடக்கத்திலேயே சற்றுப் பெரிதாக வெட்டப்பட்ட கார்டைச் சரியான அளவுக்குக் கத்தரித்திருந்தால் அளவுகோல் என்ன செய்யும்?

ஒரு பெண்மணி அப்பாவின் 1954 ஹேங்க் ஆரன் கார்டைக் கொண்டுவந்தார். சிறுவயதில் அப்பா அதைச் சுவரில் குத்திவைத்திருந்தாராம். மேலே ஆணித் துளை. அடைத்துத் தரச் சொன்னார். மறுத்துவிட்டேன். அழிப்பான், மார்க்கர் பேனா, பசை எதையும் அருகில் கொண்டுபோகாதீர்கள் என்றேன். ஆல்பத்தில் ஒட்டியிருக்கும் மற்ற கார்டுகளையும் உரிக்க வேண்டாம், பி.வி.சி. உறை வேண்டாம், பாலியெஸ்டர் உறை போதும் என்றும் சொன்னேன்.

இணையத்தில் வாங்குவதாக இருந்தால், பணம் அனுப்பும் முன் நான்கு விளிம்புகளையும் பக்கவாட்டில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தட்டிக்கழித்தால் அந்தக் கார்டை விட்டுவிடுங்கள்.