டிபன் பாக்ஸுக்குள் ஐந்து மணி நேரம்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, வேலந்தாவளம் என்று தமிழும் மலையாளமும் ஒரே பஸ்ஸில் ஏறும் ஊர்கள் உண்டு. இங்கே பள்ளிக்கூடப் பை எட்டு மணிக்கெல்லாம் கிளம்பிவிடும். அரசுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை மதிய உணவு கிடைக்கிறது. அதற்கு மேல் படிக்கிறவர்களுக்கும், வீட்டுச் சாப்பாடே வேண்டும் என்கிற சின்னப் பிள்ளைகளுக்கும் டிபன் பாக்ஸ்தான். அதைத் திறக்க மதியம் ஒரு மணி ஆகிவிடும். இடையில் ஐந்து மணி நேரம், மார்ச் மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊரில். பிள்ளை சோற்றை மிச்சம் வைத்துக்கொண்டு வந்தால், திட்டுவதற்கு முன்னால் அந்த ஐந்து மணி நேரத்தில் டப்பாவுக்குள் என்ன நடந்தது என்று யோசிக்க வேண்டும் என்பது என் கட்சி.

முதல் சிக்கல் ஆவி. கொதிக்கக் கொதிக்கச் சோற்றைப் போட்டு மூடிவிட்டால், மேலே எழும் நீராவி மூடியின் உட்புறத்தில் பட்டுக் குளிர்ந்து துளித்துளியாகத் திரண்டு, மறுபடி சோற்றின் மேலேயே சொட்டுகிறது. மேல்பகுதி சொதசொதவென்று ஆகிறது. தோசை இன்னும் மோசம். மொறுமொறுப்பான ஓரத்துக்கு நடுவில் இருக்கும் ஈரமும் சேர்ந்துகொண்டு, மதியம் தோல் மாதிரி இழுபடுகிறது. தட்டில் பரப்பிப் பத்து நிமிடம் விசிறியடியில் ஆறவிட்டுக் கட்டினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஆறினால் சோறு விறைத்துக்கொள்கிறதே என்றால், அதுவும் உண்மைதான். அரிசியில் இருக்கும் மாவுச்சத்து இரண்டு வகை மூலக்கூறுகளால் ஆனது: நீளநீளமான அமைலோஸ், கிளைவிட்ட அமைலோபெக்டின். வேகும்போது தண்ணீரைக் குடித்து நெகிழும் இந்த இழைகள், ஆறும்போது மறுபடி ஒன்றோடொன்று ஒட்டி வரிசை கட்டுகின்றன. அமைலோஸ் சில மணி நேரத்திலேயே இறுகிவிடும். பரிமாறும்போது பூப்போல உதிர்ந்த வெள்ளைப் பச்சரிசிச் சாதம் மதியம் கட்டியாக நிற்பது இதனால்தான். சோறு சூடாக இருக்கும்போதே ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டுக் கிளறினால் பருக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டாது. அப்புறம் ஆறவிடலாம். தயிர்சோறு என்றால் குழைய வடித்து மசித்துவிடுவதே நல்லது.

அடுத்தது கிருமிகள். மண்ணிலிருந்தே அரிசியோடு வந்துவிடும் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள், சோறு கொதிக்கும்போதும் சாவதில்லை. சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் விழித்துக்கொள்கின்றன. தோதான சூட்டில் அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மணி நேரத்தில் பத்து இரட்டிப்பு, அதாவது 1,024 மடங்கு. நூறாக இருந்தது 1 லட்சத்தைத் தாண்டிவிடும். வயிற்றைப் புரட்ட, கிராமுக்குக் கிட்டத்தட்ட அந்த அளவு போதும். வித்து முளைக்கவே சிறிது நேரம் பிடிப்பதால்தான் பெரும்பாலான நாட்களில் தப்பித்துக்கொள்கிறோம்.

இந்த இடத்தில் கட்டுச்சோறு கண்டுபிடித்தவர்களை நினைத்து உண்மையிலேயே மனம் நெகிழ்கிறது. அமிலத்தன்மை கூடக் கூட இறங்கும் அளவுகோலான பி.எச். 4.5-க்குக் கீழே போனால் பேசிலஸ் வளர்வது மிகவும் கஷ்டம். புளியோதரையில் புளியின் டார்டாரிக் அமிலம், எலுமிச்சைச் சோற்றில் சிட்ரிக் அமிலம், தயிர்சோற்றில் லாக்டிக் அமிலம் என்று மூன்றிலும் காவல் இருக்கிறது. சாம்பாரிலும் புளி உண்டு. ஆனால் தண்ணீர் அதிகம், பருப்பின் புரதமும் அமிலத்தின் வீரியத்தைத் தணித்துவிடுகிறது. வெயில் காலத்தில் சாம்பார் சோற்றைப் பிசைந்து அடைக்காதீர்கள்.

தயிர்சோற்றில் ஒரு நுட்பம் இருக்கிறது. காலையிலேயே முழுக்கத் தயிர் விட்டுப் பிசைந்தால், ஒரு மணிக்குப் பல் கூசும் புளிப்பு வந்துவிடும். மசித்த சோறு வெதுவெதுப்பாக ஆறியதும், காய்ச்சி ஆறிய பாலைத் தாராளமாக விட்டு, ஒரு பெரிய கரண்டி நல்ல தயிரைச் சேர்த்துக் கலந்து பாருங்கள். பை வெயிலில் போகப் போக, தயிரின் பாக்டீரியாக்கள் பாலின் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றிக்கொண்டே வரும். சாப்பிடும் நேரத்தில் பதமான புளிப்பு நிற்கும். சோறு சூடாக இருக்கும்போதே தயிர் விட்டால் அந்த நல்ல பாக்டீரியாக்களே செத்துப்போகும், அதனால்தான் வெதுவெதுப்பு முக்கியம். துருவிய கேரட், மாதுளை முத்து, பொடியாக நறுக்கிய இஞ்சி எல்லாம் இதில் அழகாக உட்காரும்.

இங்கே சமையலில் தேங்காய் இல்லாமல் எதுவும் நடக்காது. பச்சைத் தேங்காயில் ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். கூடவே புரதமும் இனிப்பும் இருப்பதால் பச்சைச் சம்மந்தி (தேங்காய்த் துவையல்), சட்னி எல்லாம் வெயிலில் சீக்கிரம் ஊசிவிடும். அதே தேங்காயைத் துருவி, மிளகாய் வற்றல், சின்ன வெங்காயம், கறிவேப்பிலையோடு சிறு தீயில் போட்டு, வெள்ளை மாறி, மஞ்சளாகி, காப்பிக்கொட்டை நிறத்துக்கு வரும்வரை கை எடுக்காமல் வறுத்து, புளியும் உப்பும் வைத்து இடித்தால் சம்மந்திப்பொடி. தண்ணீர் போய்விட்டது, கிருமிக்கு வழியில்லை, வாரக்கணக்கில் கெடாது. ஆறின சோற்றுக்கு இதைவிடப் பொருத்தமான துணை எனக்குத் தெரியாது.

சத்துக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு உண்டு. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பயறில் அது நிறைய. பயறில் குறையும் மெத்தியோனின் என்ற இன்னோர் அமினோ அமிலத்தை அரிசி ஈடுகட்டுகிறது. ஆகவே எலுமிச்சைச் சோற்றுக்கு உருளைக்கிழங்கு வறுவலைவிடத் தட்டைப்பயறு உப்பேரியோ (பொரியல்) கொண்டைக்கடலைச் சுண்டலோ எவ்வளவோ மேல். பயறில் உள்ள இரும்பு எளிதில் உடம்பில் சேராத வடிவில் இருக்கிறது. எலுமிச்சையின் வைட்டமின் சி அதைக் குடல் உறிஞ்சும் வடிவத்துக்கு மாற்றித் தருகிறது. சூட்டில் இந்த வைட்டமின் அழிந்துவிடும் என்பதால், அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே பிழியுங்கள். கூட ஒரு கொய்யா வைக்கலாம். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உண்டு, ஒரு பிள்ளையின் அன்றாடத் தேவைக்கு அதுவே அதிகம். முழுசாகவே கொடுத்துவிடுங்கள். நட்சத்திரம், பூ என்று வெட்டி வைப்பது கண்ணுக்கு அழகுதான், ஆனால் வெட்டிய இடமெல்லாம் காற்றுப் பட்டு உலர்ந்து, வைட்டமினும் குறையும். புதுமை வேண்டுமென்றால் மெத்தென்ற சோற்றோடு மொறுமொறுப்பான ஒன்றைத் தனிச் சின்ன டப்பாவில் வையுங்கள். பிள்ளைகளுக்குச் சலிப்பு வருவது பெரும்பாலும் எல்லாம் ஒரே பதமாக இருப்பதால்தான்.

சாம்பார்தான் வேண்டும் என்று பிள்ளை பிடிவாதம் பிடித்தால் சின்ன பிளாஸ்க் வாங்கலாம். அதில் முதலில் வெந்நீரை ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, கொதிக்கும் சாம்பாரை விளிம்பு வரை நிரப்புங்கள். உட்சுவர் முன்பே சூடாகியிருப்பதால் சாம்பாரின் சூட்டைக் குடிக்காது, 60 டிகிரிக்கு மேல் அதிக நேரம் நிற்கும்.

சாயங்காலம் மிச்சமாக வரும் சோற்றைச் சூடுபண்ணி யாராவது சாப்பிட்டுவிடுவது பல வீடுகளில் வழக்கம். அதை விட்டுவிடுங்கள். சூட்டில், வித்திலிருந்து முளைத்துப் பெருகிய பேசிலஸ் சாகும், ஆனால் வாந்தியை உண்டாக்கும் அதன் நச்சு 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது. மிச்சம் வந்தால், மறுநாள் ஒரு கரண்டி குறைத்து வையுங்கள்.