மாற்றுத்திறனாளிகளுக்கான நிதியை அரசு குறைக்கலாமா? ஐ.நா. உடன்படிக்கையின் விதி இதுதான்

பட்ஜெட் ஆவணத்தில் ‘மாற்றுத்திறனாளிகள் சேவைக் குறைப்பு’ என்று ஒரு தலைப்பை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எந்த நிதியமைச்சரும் அப்படி அறிவிப்பதில்லை. ‘சீரமைப்பு’ என்பார்கள், ‘உண்மையிலேயே தேவைப்படுவோருக்கு மட்டும்’ என்பார்கள், ‘உள்ளாட்சியிடம் ஒப்படைக்கிறோம்’ என்பார்கள். எனவே குறைப்பை எதிர்ப்பதற்கு முன்னால் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது.

தொகையில் கை வைக்காமலே குறைப்பது ஒரு வழி. மாத உதவித்தொகை 1,000 என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டுகள் அது உயரவே இல்லை. விலைவாசியோ ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுகிறது. ஐந்தாம் ஆண்டு முடிவில் அந்த 1,000-க்குக் கிடைக்கும் பொருள், தொடக்கத்தில் சுமார் 747-க்குக் கிடைத்ததுதான். கால் பங்கு போய்விட்டது. அதற்கு ஓர் உத்தரவுகூடத் தேவைப்படவில்லை.

தகுதி வரம்பை இறுக்குவது இன்னொரு வழி. பிரிட்டனில் ‘பிப்’ என்று அழைக்கப்படும் உதவித்தொகையில், உண்பது, உடுத்துவது, குளிப்பது போன்ற அன்றாடச் செயல் ஒவ்வொன்றிலும் ஒருவருக்கு உள்ள சிரமத்துக்குப் புள்ளி போடுகிறார்கள். எல்லாம் சேர்ந்து 8 வந்தால் அன்றாட வாழ்க்கைக்கான தொகை உண்டு. 2025 மார்ச்சில் அந்த அரசு ஒரு திருத்தத்தை முன்வைத்தது: மொத்தம் 8 போதாது, ஏதாவது ஒரு செயலிலாவது 4 இருக்க வேண்டும். உணவை வெட்டித் தர ஒருவர் வேண்டும், அதற்கு 2. இடுப்புக்குக் கீழே உடுத்திவிட 2. கழுவிவிட 2. கழிப்பறையில் கண்காணிக்க 2. நான்கும் சேர்ந்து 8 ஆனாலும், புதிய கணக்கில் இவருக்கு ஒன்றும் கிடையாது. தொகை அப்படியே இருக்கும்; வாங்கும் ஆள்தான் பட்டியலில் இருக்க மாட்டார். மாற்றுத்திறனாளிகளின் எதிர்ப்போடு ஆளுங்கட்சி எம்.பி.க்களின் எதிர்ப்பும் சேர்ந்துகொள்ள, 2025 ஜூலை 1 அன்று அந்தப் பிரிவை அரசு திரும்பப் பெற்றது.

மூன்றாவது வழி இன்னும் சத்தமில்லாதது. பணத்தை ஒதுக்குவார்கள், செலவழிக்க மாட்டார்கள். பயிற்சியாளர் பணியிடம் காலியாகவே கிடக்கும், சக்கர நாற்காலிக்கான டெண்டர் தள்ளிப்போகும், ஆண்டு முடிவில் பணம் கருவூலத்துக்கே திரும்பிவிடும். ஒதுக்கீட்டை மட்டும் பார்த்துக் கைதட்டுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இனி விதிக்கு வருவோம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006 டிசம்பர் 13 அன்று நிறைவேறி, 2008 மே 3 அன்று நடைமுறைக்கு வந்தது. 190-க்கும் மேற்பட்ட தரப்புகள் அதை ஏற்றிருக்கின்றன. அதன் 4-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவுதான் இங்கே நமக்கு வேண்டியது: சமூக, பொருளாதார உரிமைகளை நிறைவேற்ற, அரசு தன்னிடமுள்ள வளங்களை ‘உச்ச அளவுக்கு’ப் பயன்படுத்தி, ‘படிப்படியாக’ முன்னேற வேண்டும்.

‘படிப்படியாக’ என்ற சொல்லை அரசுகளுக்கு மிகவும் பிடிக்கும். இன்று முடியாததை நாளைக்குத் தள்ளிவைக்க அது உதவுகிறதே! ஆனால் அதற்கு இன்னொரு முகமும் உண்டு. படியேறுவதாக ஒப்புக்கொண்டவர், தக்க காரணம் காட்டாமல் இறங்க முடியாது. ‘படிப்படியாக’ என்ற இதே கருத்து உள்ள இன்னொரு, பழைய ஐ.நா. உடன்படிக்கையை விளக்கியபோது, பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கான ஐ.நா. குழு 1990-இலேயே இதைத் தெளிவுபடுத்திவிட்டது: தெரிந்தே பின்னோக்கிச் செல்லும் எந்த நடவடிக்கையையும் மிகக் கவனமாக ஆராய்ந்த பிறகே எடுக்க வேண்டும், அதை முழுமையாக நியாயப்படுத்தவும் வேண்டும். 2017-இல், மாற்றுத்திறனாளிகள் உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழு, சமூகத்தில் தற்சார்பாக வாழும் உரிமையைப் பற்றி விளக்கம் எழுதியபோது, பொருளாதார நெருக்கடிக் காலத்துக்கும் நிபந்தனை விதித்தது. குறைப்பு தற்காலிகமானது, தவிர்க்க முடியாதது, பாகுபாடற்றது, அடிப்படைக் கடமைகளைத் தொடாதது என்று அரசு காட்ட வேண்டும். காட்ட வேண்டியது அரசு என்பதைக் கவனியுங்கள். ‘இந்தக் குறைப்பு எங்களைப் பாதிக்கிறது’ என்று நிரூபிக்கப் படாதபாடு படும் குடும்பங்கள், அந்தச் சுமை முதலில் யார் தலையில் இருக்கிறது என்பதையே மறந்துவிடுகின்றன.

எல்லா உரிமைக்கும் ‘படிப்படி’ பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாகுபாடு காட்டாமை உடனடிக் கடமை. ஒருவருக்குத் தேவையான நியாயமான வசதியை, அளவுக்கு மீறிய சுமையாக இல்லாதபோதும் மறுப்பது பாகுபாடு என்று 2-ஆம் பிரிவே வரையறுக்கிறது. அதற்கு ‘அடுத்த ஆண்டு பார்க்கலாம்’ என்ற பதில் செல்லாது.

நிதி முடிவுகளை எதிர்ப்பவர்கள் அதிகம் பயன்படுத்த வேண்டிய பிரிவு 4(3) என்பது என் கருத்து. மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய முடிவுகளில் அவர்களின் அமைப்புகளை நெருக்கமாகக் கலந்தாலோசித்து ஈடுபடுத்த வேண்டும் என்கிறது அது. முடிவெடுத்துவிட்டு நடத்தும் ‘கருத்துக் கேட்பு’ இதில் சேராது.

இந்த விதிகளின் பலமும் பலவீனமும் ஒருசேரத் தெரிவது பிரிட்டனின் தற்சார்பு வாழ்க்கை நிதியத்தின் கதையில்தான். 1988-இல் தொடங்கிய அந்த நிதியம், கடுமையான குறைபாடு உள்ளவர்கள் தங்களுக்கென உதவியாளரை வைத்துக்கொண்டு சொந்த வீட்டில் வாழப் பணம் கொடுத்தது. அதை மூடும் முடிவு வந்தபோது, பயனாளிகள் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். முடிவெடுக்கும்போது மாற்றுத்திறனாளிகளின் சமத்துவத்தைக் கருதிப் பார்க்க வேண்டும் என்ற சட்டக் கடமையை அரசு உரிய முறையில் நிறைவேற்றவில்லை என்று 2013 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. வெற்றிதான். ஆனால் சில மாதங்களிலேயே அரசு, இம்முறை கோப்புகளை ஒழுங்காக நிரப்பி, அதே முடிவை மீண்டும் எடுத்தது. இரண்டாவது வழக்கு தோற்றது. 2015 ஜூன் 30 அன்று நிதியம் மூடப்பட்டது. இங்கிலாந்தில் பணம் உள்ளாட்சிகளுக்குப் போனது. இதற்கென்றே செலவிட வேண்டும் என்ற கட்டுப்பாடு அதோடு போகவில்லை. ஸ்காட்லாந்தோ மறுநாளே தனி நிதியத்தின் வழியாக உதவியைத் தொடர்ந்தது. ‘வேறு வழியில்லை’ என்ற வாதத்துக்கு எல்லையின் அந்தப் பக்கமே பதில் இருந்தது.

மாற்றுத்திறனாளிகளின் அமைப்புகள் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழுவிடமும் முறையிட்டிருந்தன. குழு நேரில் சென்று விசாரித்து, கடுமையான அல்லது திட்டமிட்ட உரிமை மீறல் நடந்திருப்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் உண்டு என்று 2016-இல் அறிக்கை வெளியிட்டது. இந்த உடன்படிக்கையின் கீழ் நடந்த முதல் விசாரணை அது. பிரிட்டன் அரசு அதை ஏற்கவில்லை. ஏற்க வைக்கும் அதிகாரம் குழுவுக்கும் இல்லை.

குறைப்பு வரும்போது முதலில் எது போகும் என்பதைச் சட்டத்தின் கட்டமைப்பே முடிவு செய்துவிடுவதும் உண்டு. குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அரசு மருத்துவச் செலவை ஏற்கும் அமெரிக்காவின் மெடிகெய்ட் திட்டத்தில் பராமரிப்பு இல்லங்களுக்கான செலவை மாநிலங்கள் கட்டாயம் ஏற்க வேண்டும். வீட்டிலேயே கிடைக்கும் சேவைகளில் பெரும்பாலானவையோ மாநிலத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டவை. நிதி சுருங்கினால் எதில் கத்தரி விழும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். மெடிகெய்ட் நிதியைக் குறைக்கும் மசோதாவை எதிர்த்து 2017 ஜூன் 22 அன்று சக்கர நாற்காலிகளோடு செனட் பெரும்பான்மைக் கட்சித் தலைவரின் அலுவலக வாசலை மறித்தவர்கள் பயந்தது இதற்குத்தான்: வீட்டு உதவியாளர் போனால் மிஞ்சுவது பராமரிப்பு இல்லத்துக் கட்டில். பல வாரம் நீடித்த எதிர்ப்புக்குப் பின், ஜூலை 28 அதிகாலையில் அந்த முயற்சியின் சுருக்கப்பட்ட கடைசி வடிவமும் செனட்டில் 49-க்கு 51 என்ற வாக்கில் தோற்றது.

சேமிப்பு என்ற கணக்கும் பெரும்பாலும் ஒரு துறையின் கணக்குதான். மெத்தையும் உதவியாளரும் நிறுத்தப்பட்டால் படுக்கைப் புண் வரும். மருத்துவமனைச் செலவு சுகாதாரத் துறைக்குப் போகும். பார்த்துக்கொள்ளத் தாய் வேலையை விடுவார். அந்த வருமான இழப்பு எந்தத் துறையின் ஏட்டிலும் ஏறாது.

ஆகவே மனு எழுதும்போது ‘எங்கள் நிலை பரிதாபமானது’ என்று தொடங்க வேண்டாம். கேள்விகளோடு தொடங்குங்கள். கடந்த ஐந்து ஆண்டுகளில் இந்தச் சேவைக்கு ஒதுக்கியது எவ்வளவு, திருத்திய மதிப்பீடு எவ்வளவு, செலவானது எவ்வளவு? விலைவாசியைக் கழித்தால் அது ஏற்றமா, இறக்கமா? எத்தனை பேர் பட்டியலிலிருந்து நீக்கப்படுவார்கள் என்று மதிப்பிட்டார்களா? மாற்று வழிகளை ஆராய்ந்தார்களா? எந்த அமைப்புகளை, எந்தத் தேதியில் கலந்தாலோசித்தார்கள்? தகவல் பெறும் உரிமை உள்ள நாடுகளில் இவற்றை எழுத்திலேயே கேட்டுப் பெறலாம். நேரமும் முக்கியம்: பட்ஜெட் அவையில் வைக்கப்பட்ட பிறகு எண்களை மாற்றுவது கடினம். துறைகள் தங்கள் கோரிக்கைகளை நிதித் துறைக்கு அனுப்பும் மாதங்களிலேயே மனு போய்ச் சேர வேண்டும்.

உள்நாட்டில் 33-ஆம் பிரிவின்படி அமைந்த சுதந்திரமான கண்காணிப்பு அமைப்பு இருந்தால், மனுவின் ஒரு படி அதற்கும் போகட்டும். அரசு ஐ.நா. குழுவுக்கு அவ்வப்போது அறிக்கை தரும் முறை வரும்போது, அமைப்புகள் தங்கள் தரப்பைச் சொல்லும் இணை அறிக்கையை அனுப்பலாம். இது உடன்படிக்கையை ஏற்ற எல்லா நாட்டவருக்கும் திறந்திருக்கும் வழி. தனிநபர் புகாரோ விசாரணையோ வேண்டுமென்றால், விருப்ப நெறிமுறை என்ற தனி ஆவணத்தையும் நாடு ஏற்றிருக்க வேண்டும். 100-க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றிருக்கின்றன. விசாரணைப் பகுதியை மட்டும் ஒதுக்கிவிட்டு ஏற்கவும் அதில் இடமுண்டு. தனிநபர் புகாருக்கு முன், உள்நாட்டு மேல்முறையீடுகளை முடித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதனால்தான், உதவித்தொகை நிறுத்தப்பட்டதாக அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்னால் அப்படியே திரும்பி வந்துவிடாதீர்கள். காரணமும் தேதியும் கையொப்பமும் உள்ள ஒரு தாளைக் கேட்டு வாங்குங்கள். மேல்முறையீட்டுக் காலக்கெடு பெரும்பாலும் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது.