சர்ரியல்: ‘மிகை’யா, ‘மீ’யா?

புரோகிரெசிவ் மெட்டல் என்ற ராக் இசை வகையைச் சேர்ந்த குழு ஒன்று புது சிங்கிளை வெளியிட்டு, அதன் வீடியோவில் தலையும் வாலும் புரியாத காட்சிகள் ஓடினால் போதும், விமர்சனத்தில் ‘சர்ரியல்’ என்ற சொல் தப்பாமல் வந்துவிடும். விசித்திரமான எல்லாமே இப்போது சர்ரியல்தான். ஆனால் இந்தச் சொல்லைப் பெற்றெடுத்தவர்கள் மனதில் இருந்தது வெறும் விசித்திரம் இல்லை. அது என்ன என்று தெரிந்தால்தான் தமிழில் இதற்கு எந்தச் சொல் பொருந்தும் என்று பார்க்க முடியும்.

பிரெஞ்சில் ‘சூர்’ என்றால் மேலே. சர்சார்ஜ், சர்நேம் ஆகியவற்றின் தொடக்கத்தில் இருப்பதும் இதே முன்னொட்டுதான். அதை யதார்த்தவாதத்தோடு சேர்த்து ஒரு சொல் ஆக்கியவர் கவிஞர் கியோம் அப்போலினேர். 1917 மே மாதம் பாரிஸில் அரங்கேறிய ‘பராத்’ என்ற பாலேவுக்கு எழுதிய குறிப்பில் அதைப் பயன்படுத்தினார். அடுத்த மாதமே தன் நாடகத்துக்கு அதையே துணைத்தலைப்பாக வைத்தார். அந்த நாடகத்தின் முன்னுரையில் அவர் தரும் விளக்கத்தை விடச் சிறந்த விளக்கம் எனக்குத் தெரியாது: நடையைப் போலச் செய்ய நினைத்த மனிதன் சக்கரத்தைப் படைத்தான், சக்கரம் காலைப் போலவா இருக்கிறது?

அப்போலினேர் 1918இல் இறந்துவிட்டார். 1924இல் பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன், சர்ரியலிசம் என்ற கலை இயக்கத்துக்கான தன் அறிக்கையில் சொல்லைக் கனவின் பக்கம் திருப்பினார். பகுத்தறிவு காவல் நிற்காதபோது மனம் ஓடும் ஓட்டமே சர்ரியலிசம் என்றார். கனவுகளை ஆராய்ந்த உளவியலாளர் ஃபிராய்டின் செல்வாக்கு அதில் வெளிப்படை. ‘சர்ரியல்’ என்ற ஆங்கில உரிச்சொல் அப்புறம்தான் வந்தது, இயக்கத்தின் பெயரில் வாலை நறுக்கி.

டூல் என்ற அமெரிக்க மெட்டல் குழுவின் ‘சோபர்’ (1993) வீடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். பொம்மைகளைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படம்பிடிக்கும் ஸ்டாப் மோஷனில் உருவானது. குழுவின் கிதார் கலைஞர் ஆடம் ஜோன்ஸ் ஹாலிவுட்டில் சிறப்பு ஒப்பனை வேலை பார்த்தவர்; அந்தக் கைப்பழக்கம் இதில் தெரியும். பாழடைந்த கட்டடம், சுவர், மரப்பெட்டி, குழாய் என எல்லாம் நாம் தொட்டுப் பழகிய பொருட்கள். ஆனால் குழாய்க்குள் ஓடுவது சதை. அங்கேதான் வயிற்றைப் பிசைகிறது. நிஜம் கைவிடப்படவில்லை, அதன் மேல் இன்னொரு அடுக்கு ஏறியிருக்கிறது.

சரி, தமிழில்? சிற்றிதழ்க்காரர்கள் சர்ரியலிசம் என்றே எழுதிப் பழகிவிட்டார்கள். ‘அடிமன வெளிப்பாட்டியம்’ கருத்தைச் சொல்கிறது, ஆனால் பிரெத்தோனின் பாதியை மட்டும். வாயிலும் எளிதில் நுழையாது. ‘மிகை யதார்த்தம்’ பரவலானது என்றாலும், மிகை என்றதும் அளவுக்கு மீறியது என்ற பொருள்தான் முந்திக்கொள்கிறது. நிஜத்தையே விஞ்சும் நகலைக் குறிக்கும் ‘ஹைப்பர்ரியல்’ என்பதற்கும் சிலர் அதையே எழுதுகிறார்கள். ‘மாய யதார்த்தம்’ வேறு ஆள், லத்தீன் அமெரிக்க நாவல்களின் சொத்து.

என் கட்சி ‘மீ’. மேல், உயர்வு என்ற பொருள் அதில் நேராகவே இருக்கிறது. மீயொலியை (அல்ட்ராசவுண்ட்) அறிந்தவர்களுக்கு ‘மீமெய்’ அந்நியமாக இருக்காது. மெய் என்றால் உண்மை, உடலும்தான். சதை ஓடும் அந்தக் குழாய்க்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? மீமெய்க் காட்சி, மீமெய் ஓவியம் என்று தாராளமாக எழுதலாம். ‘மீமெய்யியல்’ மட்டும் வேண்டாம், மெய்யியலோடு குழம்பும்.

டிராகன் பறக்கும் மெட்டல் வீடியோவுக்கு இந்தச் சொல்லைச் செலவழிக்க வேண்டியதில்லை. அதற்கு ‘மிகுபுனைவு’ (ஃபேன்டஸி) ஏற்கெனவே இருக்கிறது.